கேட்டுக் கற்பதும் சிகிச்சையே

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோரிடம், "வேறு மருத்துவமனை மருத்துவர்களிடமும் கலந்து பேசியிருக்கிறோம்" என்று நாங்கள் சொல்லும்போது, பலருடைய முகத்தில் நிம்மதிக்குப் பதிலாக அச்சமே தோன்றுகிறது. இங்குள்ளவர்களுக்கு நோய் பிடிபடவில்லையோ, நிலைமை கைமீறிவிட்டதோ என்று உள்ளம் பதறுகிறது. அந்தப் பதற்றம் இயற்கையானதே. ஆயினும், பிறரிடம் கேட்பது மருத்துவரின் அறிவுக்குறைவைக் காட்டுவதன்று; அது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே எங்கள் உறுதியான கருத்து. அவ்வாறு கேட்பதற்கும் கற்பதற்குமான இணையவழி ஏற்பாடுகளை வளர்ப்பது, மருந்தும் கருவியும் வாங்குவதைப் போலவே மருத்துவமனைகளின் கடமையாகும்.

இதற்கான காரணம் எளியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோருள் பிறந்து சில வாரங்களே ஆன சிசுவும் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவனும் உண்டு. மருந்தின் அளவு உடல் எடைக்கேற்ப மாறும். மூச்சுக்குழாயில் செலுத்தும் குழாயின் அளவு வயதுக்கேற்ப மாறும். நோய்களோ பலவகை. அவற்றுள் சில, ஒரு மருத்துவரின் பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு முறையே எதிர்ப்படும். ஒரு மருத்துவமனைக்கு ஆண்டில் ஒரு குழந்தையை மட்டுமே கொண்டுவரும் நோய், நூறு மருத்துவமனைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது நூறு குழந்தைகளின் அனுபவமாகிறது. எந்தச் சிகிச்சை பயன் தந்தது, எது தரவில்லை என்பதை அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதன் பயனை 2020ஆம் ஆண்டில் உலகம் கண்கூடாகக் கண்டது. கொரோனா பரவிய தொடக்க மாதங்களில், அந்நோய் குழந்தைகளைப் பெரிதும் தாக்குவதில்லை என்றே கருதப்பட்டது. ஏப்ரல் மாத இறுதியில், பிரிட்டனின் குழந்தைகள் தீவிர சிகிச்சைச் சங்கம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. விடாத காய்ச்சலும் வயிற்றுவலியும் உடலெங்கும் அழற்சியும் கொண்ட சில குழந்தைகளுக்கு இதயமும் பாதிக்கப்படுகிறது என்பது அதிலிருந்து தெரியவந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த மருத்துவர்கள், தாங்களும் அத்தகைய குழந்தைகளைக் கண்டதாகத் தெரிவித்து, இணையவழிக் கூட்டங்களில் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டனர். மே 15 அன்று உலக சுகாதார நிறுவனம், அந்நோயை அடையாளம் காண்பதற்கான முதற்கட்ட வரையறையை வெளியிட்டது. எச்சரிக்கைக்கும் வரையறைக்கும் இடையே மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. பின்னர் இந்தியாவில் அந்நோயுடன் குழந்தைகள் வரத் தொடங்கியபோது, அதற்குப் பெயரும் அடையாளமும் ஏற்கெனவே இருந்தன.

நெருக்கடி வரும்போது மட்டும் கூடிப் பேசினால் போதாது. அன்றாடம் கற்பதற்கும் வழி வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை, டாக்டர் ஜெஃப்ரி பர்ன்ஸ் அவர்களின் முன்முயற்சியில், ஓப்பன் பீடியாட்ரிக்ஸ் என்னும் இணையவழிக் கல்வி ஏற்பாட்டை உருவாக்கியது. எந்த நாட்டு மருத்துவரும் செவிலியரும் கட்டணமின்றி அதைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சிறப்பு. காணொளிப் பாடங்களோடு, வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியை இயக்கிப் பழகும் கணினிப் பயிற்சியும் அதில் இடம்பெற்றது. கருவியின் அளவுகளை மாற்றினால் என்ன நேரும் என்பதை, குழந்தையின் மீதன்றித் திரையின் மீது கற்றுக்கொள்ளலாம்.

பலர் சேர்ந்து உழைத்தால் எத்தகைய அறிவு பிறக்கும் என்பதற்கு மற்றுமொரு சான்று உண்டு. நோய்த்தொற்றால் உடலின் உறுப்புகளே செயலிழக்கும் செப்சிஸ் என்னும் ஆபத்து நிலையைக் குழந்தைகளிடம் கண்டறிய, 2024 ஜனவரியில் ஃபீனிக்ஸ் என்ற புதிய அளவுகோல் வெளியிடப்பட்டது. அமெரிக்கா, கொலம்பியா, கென்யா, சீனா, வங்காளதேசம் ஆகிய ஐந்து நாடுகளின் 10 மருத்துவமனைகளிலிருந்து, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்தே அது வகுக்கப்பட்டது. வசதி மிகுந்த மருத்துவமனைகளின் பதிவுகளை மட்டும் பார்த்திருந்தால், அந்த அளவுகோல் ஏனைய நாட்டுக் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்ற ஐயம் எஞ்சியிருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் கூற வேண்டும். ஓரிடத்தில் வெற்றி பெற்ற முறையைக் காணொளியில் பார்த்து அப்படியே பின்பற்றிவிட முடியாது. வங்காளதேசத்தின் டாக்கா நகரில் டாக்டர் முகமது ஜோபாயர் சிஷ்டியும் அவருடைய குழுவினரும், கடும் நிமோனியாவால் மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கு எளிய சுவாச உதவி முறை ஒன்றைப் பயன்படுத்தினர். குழந்தை வெளிவிடும் மூச்சு ஒரு குழாய் வழியாக நீர் நிரம்பிய புட்டிக்குள் குமிழிகளாக வெளியேறும். அதனால் உண்டாகும் அழுத்தம் நுரையீரலைச் சுருங்கிவிடாமல் காக்கும். 2015இல் வெளியான அவர்களது ஆய்வில், வழக்கமான முறையில் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளுள் 100க்கு 15 பேர் இறந்தனர். இம்முறையில் சிகிச்சை பெற்றோருள் 100க்கு 4 பேரே இறந்தனர். ஆனால் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், மருத்துவரின் இடைவிடாத கண்காணிப்பு இல்லாத ஒரு மாவட்ட மருத்துவமனையில், ஊட்டச்சத்துக் குறைவு முதலிய பிற குறைபாடுகளும் கொண்ட குழந்தைகளிடம் இதே வகைச் சிகிச்சை ஆராயப்பட்டது. 2019இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றோருள் 100க்கு 11 பேரும், இம்முறையில் சிகிச்சை பெற்றோருள் 100க்கு 17 பேரும் இறந்தனர்.

சிகிச்சை முறை ஒன்றுதான். அதைச் சூழ்ந்திருந்த கைகளும் கண்களும் வேறு. ஆகவே அறிவு ஒரு திசையில் மட்டும் பாயக் கூடாது. பெரிய மருத்துவமனை சொல்ல, சிறிய மருத்துவமனை கேட்டுக்கொண்டிருப்பது கூட்டு முயற்சி ஆகாது. எங்கள் ஊரில் இது பலித்தது, அல்லது பலிக்கவில்லை என்று திரும்பச் சொல்லவும் வழி இருக்க வேண்டும்.

இவ்வேற்பாடுகள் நம் குழந்தைகளுக்குப் பயன்பட வேண்டுமெனில், மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். முதலாவது நேரம். கற்பதற்கான நேரம், இரவுப் பணி முடித்துக் களைத்த மருத்துவரும் செவிலியரும் தம் உறக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வதாக இருத்தல் ஆகாது. பணிநேர அட்டவணையிலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த நேரம் குழந்தையின் படுக்கையருகிலிருந்து பறிக்கப்படுவதன்று. மறுநாள் அதே படுக்கையருகே திரும்பி வருவது. இரண்டாவது மொழி. இத்தகைய பாடங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. இரவெல்லாம் குழந்தையின் அருகிலிருந்து, மாற்றத்தை முதலில் கவனிப்பவர் செவிலியர். அவர் தமிழில் கற்க விரும்பினால் அதற்கான பாடங்கள் தமிழில் கிடைக்க வேண்டும். மூன்றாவது சிறிய மருத்துவமனைகளின் பங்கு. நோயுற்ற குழந்தை முதலில் சென்று சேர்வது பெரும்பாலும் அருகிலுள்ள சிறிய மருத்துவமனையே. அங்கே முதல் ஒரு மணி நேரத்தில் சரியாகச் செய்யப்படுவதைப் பொறுத்தே, பின்னர் பெரிய மருத்துவமனை செய்யக்கூடியது அமைகிறது.

பெற்றோர்களே, உங்களுக்கும் இதில் உரிமையும் பங்கும் உண்டு. உங்கள் குழந்தையின் நோய் குறித்துப் பிற மருத்துவர்களுடன் பேசும்போது, பெயர், முகம், முகவரி ஆகியவை மறைக்கப்பட வேண்டும். பரிசோதனை முடிவுகளையும் புகைப்படங்களையும் கைப்பேசிக் குழுக்களில் கட்டுப்பாடின்றி அனுப்புவது கூட்டு முயற்சி அன்று. அது நம்பிக்கைத் துரோகம். குழந்தையின் விவரங்களை ஆய்வுக்கோ கற்பித்தலுக்கோ பயன்படுத்த உங்கள் சம்மதம் கேட்கப்பட்டால், யார் பார்ப்பார்கள், எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்ததனால் சிகிச்சையில் எள்ளளவும் குறை நேரக் கூடாது. சம்மதித்தால், நீங்கள் ஒருபோதும் காணப்போகாத வேறொரு குழந்தைக்கு அது உதவக்கூடும். அவ்வாறே முன்பு யாரோ ஒரு பெற்றோர் தந்த சம்மதம் இன்று உங்கள் குழந்தைக்கு உதவிக்கொண்டிருக்கலாம்.

"இதுபற்றி வேறு யாருடனாவது கலந்து பேசினீர்களா?" என்று எங்களைக் கேளுங்கள். அக்கேள்வியை நாங்கள் அவமதிப்பாகக் கருதமாட்டோம். அதற்கு 'ஆம்' என்று விடையளிக்கும் நிலையில் ஒவ்வொரு மருத்துவமனையும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.