கேரட் நறுக்கவா டிப்ளமா?



ஹோட்டல் மேனேஜ்மெண்ட் அண்டு கேட்டரிங் டெக்னாலஜி என்று எங்கள் துறையின் பெயரை மூச்சுப் பிடித்து முழுசாகச் சொன்னாலும், மெக்கானிக்கல் நண்பர்கள் காதில் அது 'சமையல்' என்றுதான் விழுகிறது. "என்ன மாப்ள, இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்காத நாளே கிடையாது. கேட்டுவிட்டுப் போங்கள்! உங்களுக்கு ஃபைலும் வெர்னியரும், எங்களுக்குக் கத்தியும் பலகையும். ஆனால் டிரெய்னிங் என்று வந்துவிட்டால் நீங்களும் நாங்களும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். அதனால் இந்தக் கட்டுரையை எல்லாத் துறைக்காரர்களும் படிக்கலாம்.

பிரெஞ்சு ரெஸ்டாரண்ட் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மெழுகுவர்த்தி, வெள்ளை மேஜை விரிப்பு, பெரிய தட்டில் நடுவில் கொஞ்சூண்டு பண்டம், முழ நீளத் தொப்பி போட்ட ஷெஃப். அந்தத் தட்டுக்குப் பின்னால், சுவரோரமாக, தலை நிமிராமல் நறுக்கிக்கொண்டே நிற்கும் ஒருவனை யாரும் நினைப்பதில்லை. அவன்தான் 'ஸ்தாஜியேர்'. பயிற்சிக்கு வந்தவன். அவனுக்கு ஒரு படி மேலே 'கொமி' என்கிற உதவியாள். அதற்கு மேல் சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், காய்கறிக்கு ஒருவர் எனப் பிரிவுத் தலைவர்கள். அதற்கு மேல் உதவி ஷெஃப், உச்சியில் ஷெஃப். எல்லோருக்கும் கீழே, பாத்திரம் கழுவுகிறவர்.

நம் துறையில் முடித்துவிட்டு, மேற்படிப்புக்காகப் பிரான்ஸ் போய், லியோன் நகரத்து ரெஸ்டாரண்ட் ஒன்றில் ஆறு மாதம் இந்த ஸ்தாஜியேர் வேலை பார்த்த சீனியர் அண்ணன் ஒருவர் போன வருடம் கல்லூரிக்கு வந்திருந்தார். கேண்டீனில் உட்கார வைத்துக் கதை கேட்டோம்.

காலை எட்டரைக்கு உள்ளே போனால் முதல் வேலை கேரட். 'ப்ருனுவாஸ்' என்று ஒரு வெட்டு. இரண்டு மில்லிமீட்டர் கனசதுரம்! ஒரு டப்பா நிறைய வெட்டி வைத்தாராம். பிரிவுத் தலைவர் வந்தார், ஒரு கை அள்ளிப் பலகையில் பரப்பினார், ஒன்றும் பேசாமல் முழு டப்பாவையும் எலும்புச் சாறு கொதிக்கிற அண்டாவில் கொட்டிவிட்டு, "மறுபடி" என்றார். அவ்வளவுதான். நம் ஃபிட்டிங் ஷாப்பில் 'வி' ஃபிட்டிங்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இடைவெளி தெரிந்தால் இன்ஸ்ட்ரக்டர் ஒரு பார்வை பார்ப்பாரே, அதே பார்வை!

இது வெறும் அழகுக்கு இல்லை நண்பர்களே. ஒரே அளவில் இருந்தால்தான் எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் வேகும். சின்னது குழைந்து, பெரியது நறநறவென்று இருந்தால் சாப்பிடுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். டாலரன்ஸ் என்று நீங்கள் படிப்பதை நாங்கள் நாக்கால் அளக்கிறோம், அவ்வளவே வித்தியாசம். உருளைக்கிழங்கை ஏழு முகம் வருகிற மாதிரி பீப்பாய் வடிவில் செதுக்குவதும் அப்படித்தான். கன்றுக்குட்டி எலும்பை அடுப்பில் சிவக்க வறுத்து, எட்டு மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடாமல் மெல்ல ஏங்க விட்டு, மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். கொதித்துவிட்டால் சாறு கலங்கிப் போகும். பக்கத்தில் நின்று பார்த்தாலொழிய இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் பிடிபடாது. ரெக்கார்டு நோட்டில் ஐந்து மார்க்குக்கு எழுதுகிற விஷயமா இது?

பதினொரு மணிக்கு எல்லோரும் நின்றுகொண்டே சாப்பாடு. பன்னிரண்டுக்கு ஆர்டர் சத்தம் தொடங்கும். ஒவ்வொரு ஆர்டருக்கும் எல்லோரும் சேர்ந்து "வீ, ஷெஃப்!" என்று பதில் குரல் கொடுக்க வேண்டும். மூன்று மணிக்கு இடைவேளை. ஆறுக்குத் திரும்பவும் ஆரம்பித்தால் ராத்திரி பதினொன்று. "காலு ரெண்டும் என்னோடது இல்லடா" என்றார் அண்ணன்.

இதுவரைக்கும் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. கீழ் வேலையிலிருந்து தொடங்குவது அவமானம் என்று நினைக்கிறவன் எந்தத் தொழிலுக்கும் லாயக்கில்லை. பால் பொக்கூஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரெஞ்சுச் சமையலின் 'சூப்பர் ஸ்டார்' என்றே சொல்லலாம். 1946-இல் அவர் லியோனுக்கு வெளியே மலைமேல் இருந்த எஜெனி பிராசியே என்ற அம்மையாரின் ரெஸ்டாரண்டில் சேர்ந்தார். அந்த அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. 1933-இலேயே இரண்டு ரெஸ்டாரண்டுகளுக்கும் மும்மூன்று மிஷ்லான் நட்சத்திரம், மொத்தம் ஆறு வாங்கிய முதல் ஆள்! அவரிடம் போன பொக்கூஸுக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? மாட்டில் பால் கறப்பது, தோட்டத்தில் காய்கறி பார்ப்பது, துணி துவைத்து இஸ்திரி போடுவது. அவர்தான் 1965-இல் தன் சொந்த ரெஸ்டாரண்டுக்கு மூன்று நட்சத்திரம் வாங்கினார்.

ஜாக் பெப்பான் என்று இன்னொருவர். 1949-இல், பதின்மூன்று வயதில், பூர்க்-ஆன்-ப்ரெஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். "பக்கத்து ஹோட்டலுக்குப் போய் கோழிக்கு எலும்பு எடுக்கிற மெஷினை வாங்கிட்டு வா" என்று அனுப்பினார்களாம். அப்படி ஒரு மெஷினே உலகத்தில் கிடையாது! பையன் கனமான மூட்டையைச் சுமந்து வந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். ஃபர்ஸ்ட் இயர் பையனிடம் "ஸ்பிரிட் லெவலுக்கு ஸ்பிரிட் தீர்ந்துபோச்சு, ஸ்டோர்ல வாங்கிட்டு வாடா" என்று நாம் சொல்வதில்லையா? கேலி எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல! ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தப் பையனை ஒரு நாள் அடுப்பு பக்கம் கூப்பிட்டார்கள். மூன்று வருடத்தில் அவன் சமையல்காரனாக வெளியே வந்தான். பிறகு டி காலுக்கே சமைத்தான்.

இங்கேதான் நம் அண்ணன் கதை வேறு பாதையில் போகிறது. முதல் மாதம் கேரட். சரி. இரண்டாம் மாதம் கேரட். நான்காம் மாதமும் கேரட்! கை நன்றாகப் பழகி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மில்லிமீட்டர் வெட்டுகிறார். "சாஸ் பிரிவுக்கு என்னை மாத்துங்க" என்று கேட்டால், "அடுத்த வாரம்" என்று பதில். அடுத்த வாரம் வரவே இல்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. முந்தின குளிர்காலத்தில் ஒரு கொமி வேலையை விட்டுப் போயிருக்கிறார். அந்த இடத்துக்கு ஆளே எடுக்கவில்லை. ஸ்தாஜியேர் போகப் போக, அடுத்த ஸ்தாஜியேரை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

என் கருத்து இதுதான். பயிற்சியாளனுக்கு ஆபத்து கஷ்டமான வேலையில் இல்லை. அவன் அந்த வேலையை நன்றாகச் செய்யக் கற்றுக்கொண்ட மறுநாளில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. சொதப்புகிறவனை இடம் மாற்றுவார்கள். சுத்தமாகச் செய்கிறவனை அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். அவனை மாற்றினால் அவர்களுக்குத்தானே நஷ்டம்!

பிரெஞ்சு சமையலறையின் அமைப்பே இதற்குத் தோது. எஸ்கோஃபியே என்பவர்தான் இந்தப் பிரிவு முறையை ஒழுங்குபடுத்தினார். 1890 முதல் லண்டன் சவாய் ஹோட்டலில் சமையலறையை நடத்தியவர். ஒரு முட்டைப் பண்டத்தை ஒரே ஆள் செய்தால் பதினைந்து நிமிடம் ஆகும். ஒருவர் முட்டையைப் பார்க்க, ஒருவர் சிறுநீரக இறைச்சியை வாட்ட, ஒருவர் சாஸ் செய்ய, சில நிமிடத்தில் தட்டு வெளியே போய்விடும். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பேப்பரில் வருகிற அசெம்பிளி லைன்தான்! வேகம் கிடைக்கிறது. ஆனால் லைனில் நிற்கிறவன் நகராமல் இருந்தால்தான் அந்த வேகம். பயிற்சிக்கு வந்தவனோ நகர்ந்தால்தான் கற்க முடியும். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

"நாங்கல்லாம் அப்படித்தான்டா கஷ்டப்பட்டோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எஸ்கோஃபியே கூட 1859-இல் பதின்மூன்று வயதில், நீஸ் நகரில் தன் உறவினர் கடையில்தான் அடி உதையோடு தொழில் கற்றார். ஆனால் அவர் தலைமைக்கு வந்தபோது, நான் பட்டதை நீயும் படு என்று சொல்லவில்லை. சமையலறையில் கெட்ட வார்த்தை கூடாது, சத்தம் கூடாது, குடி கூடாது என்றார். வெக்கைக்கு மதுவுக்குப் பதில் பார்லித் தண்ணீர் வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் பிரிவு முறையை மட்டும் எடுத்துக்கொண்டு பார்லித் தண்ணீரை மறந்துவிட்டார்கள் போலும்! 2014-இல் பிரான்சிலேயே 'என் கொமி மேல் கை வைக்காதே' என்ற பெயரில், சமையலறை வன்முறைக்கு எதிராக ஓர் அறிக்கை வெளிவர வேண்டியிருந்தது.

அதே 2014-இல் அங்கே பயிற்சியாளர்களுக்காக ஒரு சட்டமும் வந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் போனால் பணம் கொடுத்தே ஆக வேண்டும். மாணவர், கல்லூரி, நிறுவனம் மூவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நிரந்தர ஊழியர் செய்ய வேண்டிய அன்றாட வேலைக்காக ஸ்தாஜியேரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அங்கே விதி. ஆக, அண்ணனுக்கு நடந்தது அந்த ஊர்ச் சட்டப்படியே தப்பு. ஆனால் புது ஊர், புது பாஷை, கையில் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டிய நிலைமை. யார் போய்க் கேட்பது? டென்மார்க்கில் உலகப் புகழ் பெற்ற நோமா ரெஸ்டாரண்டே 2022 அக்டோபரில்தான் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விலகல். பாத்திரம் கழுவுகிறவர் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, பாரிஸில் பல ரெஸ்டாரண்டுகளில் அந்தத் தொட்டியருகே தமிழ் கேட்கும். போரினால் ஊரை விட்டுப் போன ஈழத்து அண்ணன்மார்கள் எத்தனையோ பேர் அங்கேதான் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பயிற்சி ஒப்பந்தமும் இல்லை, சர்ட்டிபிகேட்டும் இல்லை. கழுவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்து, அடுப்புக்கு வந்தவர்கள் உண்டு. அவர்கள் திறமைக்கு என் வணக்கம். ஆனால் 'திறமை இருந்தா தானா மேல வந்துடுவான்' என்பதற்கு அவர்களை உதாரணம் காட்டாதீர்கள். வராமல் தொட்டியருகிலேயே முதுகு வளைந்தவர்களை யார் எண்ணிப் பார்த்தது?

சரி, நம் பக்கம் வருவோம். நம் நாட்டு அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது. 1973 திருத்தத்தில்தான் டிப்ளமாக்காரர்களையும் சேர்த்தார்கள். அந்தச் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. இதைச் சொல்லித்தான் நமக்குத் தொழிலாளி உரிமை கிடையாது என்பார்கள். அப்படியென்றால் அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறதே! அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகரின் அனுமதியில்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. அந்த அனுமதியும் பயிற்சியின் நன்மைக்காகவோ பொதுநலனுக்காகவோ மட்டுமே. இதை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? படிப்பின் நடுவில் நாம் போகிற டிரெய்னிங்குக்கோ இந்தளவு காகிதம் கூடக் கையில் இருப்பதில்லை. கல்யாண சீசனில் ஹோட்டலில் பன்னிரண்டு மணி நேரம் தட்டு அடுக்கினவனும், கம்பெனியில் ஆறு மாதம் ஒரே டிரில்லிங் மெஷினில் ஒரே துளையைப் போட்டவனும் கொண்டுவருவது ஒரே சர்ட்டிபிகேட்தான்: 'பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்'.

கேரட் நறுக்கச் சொல்லட்டும், நறுக்குவோம். இரண்டு மில்லிமீட்டர் கேட்டால் இரண்டே மில்லிமீட்டரில் கொடுப்போம். ஆனால் எத்தனை வாரம் கேரட், அடுத்து எந்தப் பிரிவு, யார் கற்றுத் தருவார், மாதம் எவ்வளவு ஸ்டைபெண்ட் என்று போகும் முன்பே எழுத்தில் வேண்டும். பிளேஸ்மெண்ட் ஆபீசர் சார் கோபப்படாமல் இதைப் பரிசீலிக்க வேண்டும். ஜூனியர்களின் டிரெய்னிங் டைரியில் 'இன்று செய்த வேலை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'இன்று புதிதாகக் கற்றது' என்று இன்னொரு கட்டம் போட்டால் போதும். பத்து நாள் தொடர்ந்து அது காலியாக இருந்தால் துறையிலிருந்து ஒரு போன் போகட்டும். அடுத்த பேட்ச் டிரெய்னிங் கிளம்புவதற்குள் சங்கத்தின் புதிய நிர்வாகிகள் இதைக் கையில் எடுக்கிறார்களா, பார்ப்போம்.