தேடினால் கிடைத்துவிடுமா சட்டம்?

சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் மதரஸாத் திண்ணைக்கு வந்தார். மகள் தலாக் ஆகி வீடு திரும்பியிருந்தாள். பேரன் இணையத்தில் எடுத்துக் கொடுத்த தாள்கள் அவர் கையில் இருந்தன. "ஹஜ்ரத், இத்தா முடிந்துவிட்டால் ஒன்றும் கேட்க முடியாதாமே! சட்டத்திலேயே போட்டிருக்கிறதாம்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டம். அசல் வாசகம்தான். நியாயமான ஏற்பாடும் ஜீவனாம்சமும் இத்தா காலத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. பேரன் அதை 'இத்தா காலத்துக்கு மட்டும்' என்று படித்துவிட்டான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு காலத்தில் உயர் நீதிமன்றங்களே இதில் இரு கருத்தாய்ப் பிரிந்து நின்றன. 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதைத் தீர்த்து வைத்தது. 'உள்' என்பது கொடுத்து முடிக்க வேண்டிய கெடு; கொடுப்பதோ இத்தாவுக்குப் பிந்திய அவளது வாழ்வுக்கும் போதுமானதாய் இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. சட்ட வாசகத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆகவே சட்டத்தை மட்டும் இறக்கிப் படித்தவனுக்கு இப்படியொரு தீர்ப்பு இருப்பதே தெரிய வழியில்லை. தெரியாததை அவன் எப்படித் தேடுவான்?

ஷரஹு இல்லாமல் மத்னை மட்டும் ஓதிவிட்டு மஸ்அலா சொல்ல வரும் மாணவனை நாம் விடுவதில்லையே!

இன்னொரு தாளில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு வந்துவிட்டது. (144 என்றதும் தடையுத்தரவை நினைத்து நானும் ஒருகணம் திகைத்தேன். அது இப்போது 163.) விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125-ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்று அதே ஜூலை 10-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேரனின் தாளோ அதற்கு முந்தியது. முந்தியது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

கணினியிடமே கேட்டுவிடலாம் என்பாரும் உண்டு. 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனையாய்ப் புனைந்த வழக்குகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். பெரியவரிடம் அதைச் சொன்னேன். மஹர் எவ்வளவு, கையில் தந்தது எவ்வளவு என்று அவர்கள் முதலில் கேட்பார்களே! பேரனின் செல்பேசியில் அது இராது. நிக்காஹ் பதிவேட்டின் நகலைக் கேட்டு இருவரும் ஜமாஅத் அலுவலகத்துக்கு நடந்தோம்.