முளைக்காமல் இருக்கும் வேலை

நாற்றங்காலில் தெளிப்பதற்கு முன்பு அப்பா விதைநெல்லை அண்டாவில் ஒரு நாள் ஊறப்போடுவார். பிறகு வடித்துச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடிவிடுவார். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். நெல்மூக்கில் வெள்ளையாக முளை தெரியும். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அதே முளையைப் பார்த்து அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்ததும் உண்டு. ஒரு குறுவையில், அறுக்க வேண்டிய வாரத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அதே நெல், அதே தண்ணீர்.

தண்ணீர் பட்டால் விதை முளைக்கும் என்று பள்ளியில் படித்தோம். விதைக்கோ முளைக்காமல் இருப்பதுதான் பெரும்பாடு. கதிரில் முற்றும்போதே அதில் அப்சிசிக் அமிலம் சேர்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதம் 2009-ல்தான் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. அமிலம் வந்து ஒட்டியதும் ஏற்பி போய் பாஸ்பேட்டேஸ் என்னும் புரதத்தின் வாயை அடைக்கும். அந்த பாஸ்பேட்டேஸ் அதுவரை கைனேஸ் என்னும் இன்னொன்றை அடக்கி வைத்திருந்தது. அடக்கியவர் அடங்கியதும் கைனேஸ் எழுந்து, முளைப்பை நிறுத்திவைக்கும் புரதங்களை முடுக்கிவிடும். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தத் தடையைத் தளர்த்தும் பொருள் கிடைத்த கதை நெல்வயலில் தொடங்குகிறது. ஜப்பானில் சில நாற்றுகள் நெடுநெடுவென்று வளர்ந்து வெளிறிச் சாய்ந்துவிடும். 'பக்கனாயே', அசட்டு நாற்று, என்று விவசாயிகள் அதைத் திட்டினார்கள். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று 1926-ல் தைவானில் பணிபுரிந்த குரோசாவா காட்டினார். 1935-ல் யாபுதா அதற்கு ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார். ஊறிய நெல்லின் கருவும் அதையேதான் சுரக்கிறது. அதற்கான ஏற்பியும் 2005-ல் நெல்லிலேயே கிடைத்தது. ஜிப்பரெல்லின் கிடைத்ததும் அந்த ஏற்பி, டெல்லா என்னும் தடைப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது; செல் டெல்லாவைச் சிதைத்துவிடுகிறது. (பெண் பெயர் போலிருந்தாலும், ஐந்து அமினோ அமிலங்களின் முதலெழுத்துக் குறிகள்தான் அது.) தடை போனதும், நாம் தவிடாகத் தீட்டி மாட்டுக்கு வைக்கிறோமே, அந்தப் படலம் அமைலேஸ் நொதியைச் சுரந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். முளை தின்று வளரும். கதிரில் முளைத்த நெல் ஆலையில் நொறுங்குவது இதனால்தான்.

"அறுத்த சூட்டோட விதைக்காதே, ஆறப்போடு" என்பார் தாத்தா. உலர்ந்து கிடக்கும் அந்த வாரங்களில் அமிலத்தின் பிடி தளர்கிறது. ஆனால் விதைத்ததெல்லாம் ஒன்றுபோல் முளைக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பொறுக்கியெடுத்து, அந்தப் பிடியை நாமே பல ரகங்களில் தேய்த்துவிட்டோம். காட்டுநெல்லுக்கு இந்தக் கவலை குறைவு.

அந்தக் குறுவைக்குப் பிறகு அப்பா விதைக் கடையில் வயதும் விளைச்சலும் விசாரித்துவிட்டு இன்னொன்றும் கேட்கிறார்: "தம்பி, இது அறுத்தப்புறம் எத்தனை நாள் தூங்கும்?" கடைக்காரப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.