திருத்தின காரும் குறைஞ்ச விலையும்

ஜேர்மனியில் எங்கட ஆக்கள் கனபேர், கார் அடிபட்டால் "திருத்தித் தந்திட்டாங்கள், காணும்" என்று விட்டுவிடுகிறார்கள். காணாது என்பதுதான் என் கருத்து.

எவ்வளவு வடிவாகத் திருத்தினாலும், விற்கும்போது அது விபத்தில் அடிபட்ட கார் என்று சொல்லித்தான் விற்கவேண்டும். வாங்குகிறவன் உடனே விலையைக் குறைப்பான். அந்தக் குறைவுக்கு டொச்சில் வேர்ட்மின்டறுங் என்று பெயர். பிழை மற்றவருடையது என்றால் அதையும் அவரின் காப்புறுதிதான் கட்டவேண்டும். காரை விற்காமல் நீங்களே ஓடினாலும் கட்டவேண்டும்.

என்னோடு குசினியில் வேலைசெய்யும் தம்பி ஒருவரின் மூன்று வருடக் காரின் பின்பக்கத்தை ஒருவர் நசுக்கிவிட்டார். காப்புறுதிக்காரர் தாங்களே மதிப்பீட்டாளரை அனுப்புவதாக அன்பாகச் சொன்னார்கள். (இவர்கள் அன்பாகக் கதைத்தால் எனக்குப் பயம்.) நான் மறித்தேன். சின்னக் கீறல் இல்லையென்றால் மதிப்பீட்டாளரை நாங்களே பிடிக்கலாம், செலவு அவர்களுடையது. எங்கள் ஆள் விலைக்குறைவு 900 யூரோ என்று எழுதினார். அவர்கள் 300 என்றார்கள். சட்டத்தரணியின் கடிதம் போனபிறகு மிச்சம் 600உம் வந்தது.

கார் மோசமாக உடைந்து, திருத்தச் செலவு அதன் பெறுமதியைத் தாண்டினாலும் 130 வீதம் வரை திருத்தக் கேட்கலாம். விலைக்குறைவும் அதற்குள் அடங்கவேண்டும். அறிக்கையில் உள்ளபடி முழுதாகத் திருத்தி, ஆறு மாதமாவது வைத்து ஓடவேண்டும்.

பழைய காருக்கு இது சரிவராது. 16 வருட மேர்சிடிஸ் ஒன்றுக்கு ஜேர்மன் உச்ச நீதிமன்றம் 2004இல் இல்லையென்றுவிட்டது. பிழை உங்களுடையது என்றால், சொந்த முழுக்காப்புறுதியும் வழமையாக இதைத் தராது.