வந்தா திட்டு விழும்னா, நாய் ஏன் வரும்?

சாயந்திரம் எந்தத் தெருவுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். கயிறு கழன்ற நாய் முன்னாடி பறக்கும். பின்னாடியே ஓனர், "டேய் வா, இங்க வா, வான்னு சொல்றேன்ல!" என்று கத்திக்கிட்டே ஓடுவார். கடைசியில் பிடிச்சதும் முதுகுல ரெண்டு அடி. "ரொம்பத் திமிரு சார், சொன்ன பேச்சே கேக்காது" என்று நமக்கு ஒரு விளக்கமும் கிடைக்கும்.

என்னைக் கேட்டா, அந்த நாய் பாடத்தை ஒழுங்காத்தான் படிச்சிருக்கு. பாடம் நடத்தினவங்கதான் சொதப்பிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. நாயை நாம எப்போ கூப்பிடுறோம்? விளையாட்டை முடிச்சு வீட்டுக்குக் கிளம்பும்போது, குளிப்பாட்டும்போது, செருப்பைக் கடிச்சதுக்குத் திட்டும்போது. அப்போ 'வா'ன்னா அதோட அகராதியில 'ஜாலி முடிஞ்சது'ன்னு அர்த்தம். அம்மா நம்மளை முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டா வயிறு கலங்குமே, அதே கதைதான். 1898-லேயே பூனைகளைக் கூண்டுல வச்சு தோர்ண்டைக் காட்டின விஷயம் இது: நல்ல பலன் தர்ற செயலை விலங்கு திரும்பச் செய்யும், கெட்ட பலன் தர்றதை விட்டுடும்.

இதுல இனமும் ஒரு விஷயம். சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரி நாய்களை வேட்டைக்காகவே வளர்த்தாங்க. முயல் ஓடினா, மனுஷன் உத்தரவுக்குக் காத்திருக்காம பாய்றதுதான் அதுங்க வேலை. ஸ்டைலுக்காக அதை வாங்கி பிளாட்ல அடைச்சு வச்சுட்டு, அணிலைத் துரத்தினா திட்டுறது எந்த ஊர் நியாயம்?

சரி, என்னதான் பண்றது? முதல்ல வீட்டுக்குள்ள, சத்தம் இல்லாத இடத்துல ஆரம்பிங்க. பேரைச் சொல்லுங்க. திரும்பிப் பார்த்த அடுத்த செகண்ட், உப்புப் போடாம வேகவச்ச எலும்பில்லாத சிக்கன், நகம் சைஸ் துண்டு. அது பழகினதும் மொட்டை மாடி, அப்புறம் கிரவுண்ட். கிரவுண்டுல 10 மீட்டர் நீளக் கயிறு கட்டுங்க, கழுத்துல இல்ல, ஹார்னஸ்ல. வேற நாயைப் பார்த்து எகிறுதா? உங்களைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நிதானம் வர்ற தூரத்துக்குத் தள்ளிப் போங்க. அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரலாம்.

ஒரே ஒரு தடவைதான் கூப்பிடணும். பத்து தடவை 'வா வா'ன்னா அது பேன் சத்தம் மாதிரி ஆகிடும். துரத்தாதீங்க, எதிர்ப்பக்கம் ஓடுங்க. அது உங்களைத் துரத்தும். லேட்டா வந்தாலும் திட்டாதீங்க. முக்கியமா, பத்து தடவை வந்தா ஒன்பது தடவை திரும்ப விளையாட விட்டுடுங்க.

"இதெல்லாம் லஞ்சம், பாசம் இல்லையே"ன்னு சிலர் சொல்வாங்க. 75% அட்டெண்டன்ஸ் இல்லைன்னா நம்மள்ல எத்தனை பேர் காலை எட்டரை மணி கிளாசுக்குப் போவோம்? "அடிச்சாதான் கேக்கும்"னு சொல்றவங்களுக்கு ஒரே கேள்வி: அடிக்கிற கைக்கு நீங்க ஓடி வருவீங்களா?

கூப்பிட்டா வர்றது விருந்தாளிக்குக் காட்டுற வித்தை கிடையாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பூனை, நடுவுல பஸ் வருது. அந்த ரெண்டு செகண்ட்ல உங்க குரல்தான் கயிறு. அந்தக் கயிறை அன்னிக்குத் திரிக்க முடியாது. இன்னிக்கே ஒரு தடவை சும்மா கூப்பிடுங்க. வந்ததும் தடவிக்கொடுத்து, சிக்கன் குடுத்து, திரும்ப விளையாட அனுப்பிடுங்க.