மணியின் வயரைக் கழற்றினால் சூடு தணியுமா?

ஸ்டோரில் டிரையர் மணி அடித்தால் குற்றவாளி யார்? நிர்வாகத்திடம் பதில் தயாராகவே இருக்கிறது: அடுப்புக்கு விறகு போட்டவர். கவனயீனம் என்று ஒரு கடிதம், அன்றைக்கு அரைப்பேர். நமது பகுதித் தோட்டமொன்றில் ஒருபடி மேலே போய்விட்டார்கள். மணி ஓயாமல் அடிக்கிறது என்று அதன் வயரையே கழற்றிவிட்டு, விறகு போட்ட தோழரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

விறகு கூடினால் சூடு கூடும், மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றுதானா காரணம்? விசிறியின் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் காற்று குறைகிறது. குறைந்த காற்று அதே அடுப்பைக் கடந்து வரும்போது அதிகம் கொதித்துத்தான் வரும். காற்று நுழையும் வலையில் தேயிலைப் பஞ்சு அடைத்தாலும் இதே கதிதான். பெல்ட் மாற்றுவதும் வலை துப்புரவாக்குவதும் விறகு போடுபவரின் வேலையா?

சங்கிலித் தட்டு டிரையரில் உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 190 முதல் 210 பாகை பரனைட், வெளியேறும் காற்று 120 முதல் 130 வரை இருக்க வேண்டும். நடுவே குறையும் சூட்டை ஈரத் தூள் எடுத்துக்கொள்கிறது. நீர் ஆவியாக வெப்பம் வேண்டும் என்று தரம் 6 பிள்ளைக்கும் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். கொழுந்து குறைந்த நாளில் தூளை மெல்லிசாக விட்டு, அடுப்பை மட்டும் பழையபடி எரிக்கச் சொன்னால், வெளியேறும் காற்று சூடாகாமல் என்ன செய்யும்? அந்தக் கட்டளையைக் கொடுத்தவருக்குக் கடிதம் போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

வெப்பமானி பழுதாகி மணி பொய்யாக அடிப்பதும் உண்டு. அதற்கு வேறொரு நல்ல வெப்பமானியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வயரைக் கழற்றுவது பரிசோதனை அல்ல.

மணி அடித்தால் விறகை நிறுத்துங்கள், குளிர்காற்றுக் கதவைத் திறவுங்கள், விசிறியை ஓடவிடுங்கள். உள்ளே தூளே தீப்பிடித்திருந்தால் மட்டும் விசிறியை நிறுத்த வேண்டும், காற்று தீயை வளர்க்கும். இந்த வித்தியாசத்தை நிர்வாகம் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது?

செலவு தாங்காது என்பார்கள். கருகல் வாசம் அடிக்கும் தூளுக்குக் கொழும்பு ஏலத்தில் விலை விழுவது மட்டும் தாங்குமா? அந்த நட்டத்தையும் கடைசியில் நமது தலையில்தான் கட்டுகிறார்கள்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஸ்டோருக்கும் பொருந்தும். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது, வலை எப்போது துப்புரவாக்கப்பட்டது, மணி எப்போது அடித்தது என்ற விபரங்கள் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டு, தோட்டத் தலைவர் பார்க்கும்படி ஸ்டோரில் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். மணி கழற்றப்பட்ட ஸ்டோர்களின் விபரத்தை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். தொழிற் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளரிடம் முறையிடுவோம். கவனயீனக் கடிதம் கிடைத்தவர்கள், தலைவரிடம் காட்டாமல் எதிலும் கையொப்பமிட வேண்டாம்.