சேமிப்பதற்கு ஆகும் செலவு

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீர்ந்துவிட்டால் நாம் உடனே திரையைத்தான் பழிக்கிறோம். திரை பெருஞ்செலவாளி என்பது மெய்தான். ஆனால் தோழியரே, படங்களையும் பாடங்களையும் உள்ளே எழுதி வைக்கும் வேலையும் மின்சாரத்தைத் தின்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

2001-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஐபாட் இசைக்கருவிக்குள் சுழலும் தட்டு ஒன்று இருந்தது. அது ஓயாமல் சுழன்றால் மின்கலம் தாங்குமா? ஆகவே ஏறத்தாழ 20 நிமிடப் பாடல்களை 32 மெகாபைட் நினைவகத்தில் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டுத் தட்டை உறங்க வைத்தார்கள். உப்புக்கு ஒரு முறை, புளிக்கு ஒரு முறை கடைக்கு ஓடாமல், பட்டியல் எழுதி ஒரே நடையில் வாங்கி வரும் நம் அன்னையரின் சிக்கனம் அன்றோ இது!

இன்றைய கைப்பேசியில் சுழலும் தட்டு இல்லை; ஃபிளாஷ் நினைவகம் உண்டு. எழுதியதைக் காத்து வைக்க அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆயினும் அதில் ஒரு சொல்லை மட்டும் அழித்துத் திருத்த இயலாது. திருத்தியதை வேறோர் இடத்தில் எழுதி, பின்னர் பழைய பகுதியை மொத்தமாகத் துடைக்க வேண்டும். சிறிது சிறிதாக ஓயாமல் எழுதினால் வேலை பெருகும். அதைவிட வியப்பான செய்தி ஒன்று: 2014-இல் வெளியான ஆய்வொன்று, சேமிப்பகத்தைக் காட்டிலும் அதை இயக்கும் மென்பொருளே 200 மடங்கு வரை கூடுதலாக மின்சாரம் செலவிடக்கூடும் என்று காட்டியது.

எனவே, செயலிகளை எழுதுவோரையே நான் குறை கூறுவேன். திடீரென்று மின்கலம் தீர்ந்தால் எழுதாதவை அழிந்துவிடுமே என்று அவர்கள் கேட்கலாம். பணம் அனுப்பிய கணக்கை உடனே எழுதட்டும். வேண்டாம் என்று யார் சொன்னார்? விளையாட்டில் பெற்ற புள்ளியையும், நாம் எந்த விளம்பரத்தைப் பார்த்தோம் என்பதையும் நொடிக்கு நொடி எழுதுவானேன்? அவை சேர்ந்து காத்திருக்கலாமே!

பெரிய மின்கலம் உள்ள புதிய கைப்பேசியை வாங்குங்கள் என்பார் கடைக்காரர். ஒரே கைப்பேசியை நால்வர் பகிர்ந்து, அதிலேயே வீட்டுப்பாடமும் படிக்கும் எங்கள் வீட்டில் அது நடவாத காரியம். அதனால் வாட்ஸப்பில் படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்தி வைத்துள்ளோம். நாள்தோறும் காலை வணக்கப் படம் அனுப்பும் என் மாமாவுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை.